மலைச் சுகாதார போர்டின் ஆறாவது தலைவர்

கீழ்நாட்டில் பிளேக் நோய் பரவிய வருஷங்களில் எங்கள் மலைக்குப் பிளேக் வரவில்லை. போர்டுதான் வந்தது.

ஏற்காட்டுத் துரைமார்கள் கிளப்பில் கூடிப் பேசி, மதராசுக்கு எழுதி, அனுமதி வாங்கி அமைத்த சபை அது. மலைச் சுகாதார போர்டு என்று பெயர். மலைக்கு ஏறும் இரண்டு வழிகளிலும் கேட் போட்டார்கள். கீழேயிருந்து வருகிறவன் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தகரக் கொட்டகையில் பத்து நாள் கிடந்து, காய்ச்சல் இல்லை என்று ஆன பிறகுதான் மேலே வரலாம். இது எல்லோருக்கும் புரிந்தது. மேலேயிருந்து கீழே போகிறவனுக்கும் போர்டுத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள பாஸ் வேண்டும் என்றார்கள். இது யாருக்கும் புரியவில்லை. ஆனால் அது காப்பிப் பழம் பறிக்கிற காலம். பயந்துபோன கூலிகள் சொந்த ஊருக்கு இறங்கிவிட்டால் பழம் செடியிலேயே கருகிப்போகும். நோய் ஏறாமல் இருக்கவும் கூலி இறங்காமல் இருக்கவும் ஒரே கேட் போதும் என்று கண்டுபிடித்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான்.

குப்பனூர் வழிக் கேட்டுக்கு நான் காவல்காரன். பெயர் காளியண்ணன். என் பாட்டன் காலத்தில் கீழேயிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பம். நாலு வருஷம் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் படித்திருந்ததால் பாஸில் இருப்பதைத் தடுமாறாமல் படிப்பேன். அதற்காகவே அந்த வேலை கிடைத்தது. என் மனைவி வேலம்மாள் அதே கேட்டில் தண்ணீர்க்காரி. கொட்டகையில் கிடப்பவர்களுக்குச் சுனையிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றுவாள். கேட்டுக்கு நூறடி தள்ளிப் போர்டு ஆபீஸ். அதன் பின்னால் எங்கள் ஒற்றை அறை வீடு. பிள்ளைகள் இல்லை. எங்கள் இரண்டு பேர் பெயரும் போர்டின் நிரந்தர ஊழியர் பட்டியலில் கடைசி இரண்டு வரிகளில் இருந்தன. அதில் எனக்குப் பெருமை உண்டு.

போர்டின் தலைவர் கர்னல் விதர்ஸ் துரை. மூன்றாவது வருஷம் மார்கழியில் அவருடைய மகளுக்குக் கல்யாணம். அதற்கு ஒரு வாரம் முன்பு, பொழுது சாய்கிற நேரத்தில், போர்டு செக்ரட்டரி ஒரு காகிதத்தோடு கேட்டுக்கு வந்தார். காப்பி மூட்டை சுமக்கப் பதினொரு கோவேறு கழுதைகள் மேலே வருவதாகவும், கால்நடை இன்ஸ்பெக்டர் பல்லைப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்துவிட்டதாகவும் அதில் எழுதியிருந்தது. மிருகங்களுக்குப் பத்து நாள் விதி கிடையாது. காப்பி இறங்கவேண்டும் அல்லவா.

கம்பளி போர்த்திய பதினொரு உருவங்கள் வரிசையாக ஏறி வந்தன. கம்பளிக்குள்ளிருந்து பித்தளைக் கொம்புகளும் ஒரு பெரிய மத்தளமும் எட்டிப்பார்த்தன. நாலாவது கழுதை என்னிடம் தீப்பெட்டி கேட்டது.

வேலம்மாள் இடுப்பில் குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, கழுதைங்கெல்லாம் பூட்ஸ் போட்டிருக்குதுங்களே."

"சான்றிதழ் இருக்குது புள்ள."

"அப்பச் சரிங்க. அந்தக் கடைசிக் கழுதைக்கு இருமல் நொம்பப் பலமா இருக்குது. சுடுதண்ணி வெச்சுக் குடுக்கட்டுங்களா?"

பதிவேட்டில் 'கோவேறு கழுதைகள் பதினொன்று' என்று எழுதிக் கேட்டைத் திறந்தேன். சாவி என்னிடம்தான் இருந்தது.

கல்யாணம் நன்றாக நடந்தது. அதை வர்ணித்து மதராசுப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பியவர் கர்னலின் துரைசானியேதான். பாண்டு வாத்தியம் அற்புதம் என்று போட்டோவோடு வெளியாயிற்று. அடுத்த வாரம் வேறொரு பத்திரிகை, அந்தப் பதினொரு பேரும் எந்தத் தேதியில் எந்தக் கொட்டகையில் பத்து நாள் கிடந்தார்கள் என்று கேட்டது. கொட்டகையின் பதிவேட்டில் அவர்கள் இல்லை. கேட்டின் பதிவேட்டில் கழுதைகள் இருந்தன.

மலையே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான் வேலம்மாள் காலை வெட்டிக்கொண்டாள். கொட்டகையின் கூரைத் தகடு ஒன்று காற்றில் பிய்ந்து சுனைப் பாதையில் விழுந்து துருப்பிடித்துக் கிடந்தது. அதை எடுக்கச் சொல்லி நான் இரண்டு முறை எழுதிக் கொடுத்திருந்தேன். குடத்தோடு வந்தவள் அதன் விளிம்பில் மிதித்துவிட்டாள். மூன்றாம் நாள் கால் முழங்கால்வரை வீங்கிக் கனன்றது. எஸ்டேட் கம்பவுண்டர் செல்லப்பன் வந்து கட்டைப் பிரித்துப் பார்த்தார். மறுபடியும் கட்டிவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

"விஷம் ஏறுதப்பா. என்ற மருந்துக்கு இது கேக்காது. சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரு. காலை எடுத்தாலும் எடுப்பாங்க, உசுரு நிக்கும்."

"எத்தனை நாளைக்குள்ளங்க?"

"நாலு நாள். நீட்டினா அஞ்சு. அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

நான் விண்ணப்பம் எழுதினேன். கையெழுத்து நன்றாக வந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனபோது ஹெட் குமாஸ்தா வெங்கடாசலம் என்னைத் தடுத்தார். அவர் சேலத்துக்காரர். அந்த ஆபீசில் விதிகள் அத்தனையும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் தற்காலிக ஊழியர். மாதாமாதம் வேலையைப் புதுப்பித்துக்கொள்வார்.

"துரை இப்ப கையெழுத்துப் போடற மனநிலையில இல்லை காளியண்ணா. பதினோரு மணிக்கு ராஜினாமா. நீயும் வந்து நில்லு."

பழம் பறிப்பதை நிறுத்திப் பக்கத்து எஸ்டேட் கூலிகளையெல்லாம் கூட்டிவந்து ஆபீஸ் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். கர்னல் துரை வராந்தாவில் நின்று பேச, வெங்கடாசலம் தமிழில் சொன்னார்.

"நான் எந்தக் குற்றமும் செய்யவில்லை. செய்திருந்தால் இந்தப் பதவியிலேயே இருந்து அதை மறைத்திருப்பேன். நிரபராதி என்பதால்தான் ராஜினாமா செய்ய முடிகிறது. விதி எல்லோருக்கும் பொது. எல்லோருக்கும் பொதுவான விதியிலிருந்து யார் யாருக்கு விலக்கு என்று யாராவது ஒருவர் தீர்மானித்தாகவேண்டும். அந்தப் பாரத்தை மூன்று வருஷம் தனியாகச் சுமந்தேன். எனக்கு முதுகு வலிக்கிறது."

மேஸ்திரி பிரம்பைத் தூக்கினார். கூலிகள் கை தட்டினார்கள். நான் விண்ணப்பத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, துரை ஏறிப்போகும் குதிரைக்குப் பக்கத்தில் நின்றேன். துரை என்னைப் பார்த்து, துக்கத்தில் ஒருவன் மரியாதை செய்வதாக எண்ணித் தலையசைத்துவிட்டுப் போனார்.

போர்டின் நிலை ஆணை பதினாலு என்று ஒன்று இருந்தது. தலைவர் பதவி காலியானால் நிரந்தர ஊழியர் பட்டியலில் அடுத்த பெயருக்குப் பொறுப்புத் தானாகவே போய்ச் சேரும். ஆபீஸ் ஒரு நிமிஷம்கூடத் தலையில்லாமல் இருக்கக்கூடாது என்பது அதன் நோக்கம். ஆனால் பொறுப்பு வாங்குகிறவர் ஆபீசிலுள்ள சாமான்களை ஒன்றுவிடாமல் எண்ணிப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் வேறு எதிலும் கையெழுத்திடலாம். அதுவும் அந்த ஆணையிலேயே இருந்தது.

அடுத்த பெயர் துணைத்தலைவர். அவர் ஒரு காப்பி எஸ்டேட் துரை. சாமான் கணக்கில் நாற்பது எலிப்பொறிகள். எண்ணினால் முப்பத்தொன்பது. அன்று முழுக்க அந்த ஒரு பொறியைத் தேடினோம். நானும் தேடினேன். சாயங்காலம் வெங்கடாசலம் 'ஒரு பொறி எலியோடு சென்றுவிட்டது' என்று குறிப்பெழுத, துரை திருப்தியாகிக் கையெழுத்திட்டார். நான் விண்ணப்பத்தை நீட்டினேன். அது கர்னல் விதர்ஸ் பெயருக்கு எழுதப்பட்டிருந்தது. இல்லாத அதிகாரிக்கு எழுதிய கடிதத்தை இருக்கிற அதிகாரி படிப்பது நாகரிகம் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்.

இரவோடு இரவாக மாற்றி எழுதினேன். காலையில் கொண்டுபோனபோது பத்திரிகையின் புதுப் பிரதி மேஜைமேல் கிடந்தது. போட்டோவில் மத்தளத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அடிப்பவர் துணைத்தலைவர்.

அவருக்கும் கூலிகளைக் கூட்டி வந்தார்கள். "நான் கேளிக்கையில் கலந்துகொள்ளவில்லை. அது கனமான மத்தளம். அந்த மனிதன் களைத்திருந்தான். இரக்கத்தால் வாங்கிக் கொஞ்ச நேரம் சுமந்தேன். அடித்தது குளிருக்கு" என்றார். கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தேன். கால் விரல்கள் கறுக்கத் தொடங்கியிருந்தன. கோணித் துணியைப் போட்டு மூடியிருந்தாள், நான் பார்த்துவிடக்கூடாது என்று.

"என்ன சொன்னாங்கொ?"

"செக்ரட்டரி பொறுப்பேத்துக்கப் போறாரு. நாளைக்கு ஆயிரும்."

"கழுதை ஓட்டிக்கிட்டு வந்தாரே, அவருங்களா? அப்பக் குடுப்பாரு. எளகின மனசு. கழுதைக்கே எத்தனை பாடுபட்டாரு."

செக்ரட்டரி மறுநாள் எலிப்பொறிகளை எண்ணினார். நாற்பது இருந்தன. ஓடிப்போன பொறியை யாரோ சமையற்கட்டிலிருந்து கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். கணக்கில் இல்லாத ஒரு பொறி ஆபீசுக்குள் எப்படி வந்தது என்று விசாரணை வைத்தார்.

அன்று மத்தியானம் கிளியூரிலிருந்து குழந்தைவேல் வந்தான். மலைக்காரன். சாமையும் வாழையும் போடுகிறவன். வேலம்மாளுக்குப் பழம் கொண்டுவந்திருந்தான். அவளுடைய காலைப் பார்த்தவன் என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனான்.

"இன்னும் எதுக்குங்க இங்க வெச்சிருக்கீங்க?"

"பாஸ் வரலியே."

"பாஸ் எதுக்குங்க? கேட்டு பாதையிலதானுங்க இருக்குது. மலையில இல்லையே. நானும் என்ற தம்பிமாருமாத் தூளி கட்டிக் கரட்டு வழியா எறக்கிப் போடறமுங்க. பொழுது எறங்கறதுக்குள்ள குப்பனூரு. அங்கிருந்து வண்டி."

நான் வெங்கடாசலத்திடம் போய்க் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போகலாம். போய் ஆஸ்பத்திரி வாசல்ல பாஸைக் கேட்டா என்ன காட்டுவே? மலையிலிருந்து வந்தவள்னு தெரிஞ்சா முத்திரையில்லாம உள்ளே விடுவானா? திருப்பி அனுப்பினா அவளை மறுபடியும் சுமந்துக்கிட்டு ஏறணும். மேலே வந்தா கொட்டகையில பத்து நாள். காவல்காரனே கேட்டைச் சுத்திப் போனான்னு உனக்கு ஜெயில். யோசிச்சுக்கோ. செக்ரட்டரி நாளைக்குப் போட்டுடுவார்."

யோசித்தேன். சட்டம் தெரிந்தவர் சொல்கிறார், மலைக்காரனுக்கு என்ன தெரியும் என்று தோன்றியது. குழந்தைவேலிடம் நாளைவரை பார்க்கலாம் என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "உங்க இஷ்டமுங்க. கூப்பிட்டா வர்றனுங்க" என்று சொல்லிப் போனான்.

செக்ரட்டரி மறுநாள் காலையில் ராஜினாமா செய்தார். அவருடைய பேச்சு சின்னது. "பதினொரு மனிதர்களைக் கழுதைகள் என்று எழுதியது பொய் என்கிறார்கள். மனிதர்கள் என்று உண்மையை எழுதியிருந்தால் விதி மீறப்பட்டிருக்கும். விதியைக் காப்பாற்ற உண்மையை விட்டுக்கொடுத்தேன். ஒரு ஊழியன் வேறு எதை விட்டுக்கொடுக்க முடியும்?"

நாலாவது பெயர் கால்நடை இன்ஸ்பெக்டர். நல்ல மனிதர். கணக்கு எதையும் எண்ணாமலே கையெழுத்திட்டார். என் விண்ணப்பத்தை முழுவதும் படித்தார். படித்த முதல் அதிகாரி அவர்தான்.

"கால் கறுத்துடுச்சா?"

"ஆமாங்க எசமான்."

"வாடை?"

"வருதுங்க."

பேனாவை எடுத்தவர் நிறுத்திக்கொண்டார். "எனக்கு இருக்கிற அதிகாரம் மிருகங்களைப் பத்தினது. பொறுப்புத் தலைவராக இருந்தாலும் மனுஷிக்குக் கையெழுத்துப் போட்டால் செல்லுமா என்று சந்தேகம். ஒன்று செய்யலாம். மிருகமென்றால் பாஸே வேண்டாம். சான்றிதழ் போதும். உன் மனைவியைக் கோவேறு கழுதை என்று எழுதினால் இந்த நிமிஷமே தருகிறேன். உனக்குச் சம்மதமா?"

"சம்மதமுங்க."

"வருத்தமில்லையே?"

"கழுதைன்னே எழுதுங்க எசமான். எறங்கினாப் போதும்."

அவர் எழுதவும் ஆரம்பித்தார். வெங்கடாசலம் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். இன்ஸ்பெக்டரின் முகம் மாறிவிட்டது. பத்திரிகைகள் பதினொரு கழுதைகளைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கும்போது பன்னிரண்டாவது கழுதைக்கு அவர் எப்படிச் சான்றிதழ் தர முடியும்? போன மாதம் வந்திருந்தால் கேள்வியே கேட்காமல் கொடுத்திருப்பேன் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்தக் கலக்கத்தோடேயே ராஜினாமாவை எழுதி வைத்துவிட்டுப் போனார். பகல் சாப்பாட்டுக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

நான் வீட்டில் வேலம்மாளுக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ இருமினார்கள். வெங்கடாசலம். கோட்டின் பொத்தான்களைப் போட்டிருந்தார். அதுவரை என் வீட்டுக்கு அவர் வந்தது கிடையாது.

"நிலை ஆணை பதினாலின்படி ஐந்தாவது பெயர் காளியண்ணன், காவல்காரன். ஐயா, தாங்கள்தான் இப்போது பொறுப்புத் தலைவர்."

"உங்களுக்கு வராதுங்களா?" என்று கேட்டேன்.

"நான் டெம்பரரி ஐயா. இதெல்லாம் தலையிலே விழக்கூடாது என்றுதான் பர்மனெண்டுக்கு எழுதிப் போடவில்லை."

எலிப்பொறிகளை எண்ணினேன். முத்திரையை வாங்கினேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக என் விண்ணப்பத்தை எடுத்துப் பேனாவை நனைத்தேன். வெங்கடாசலம் காகிதத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"விதி இருபத்திரண்டு. தன் சொந்தக் காரியத்தில் எந்த அதிகாரியும் தானே உத்தரவு போடக்கூடாது."

"துரைமாரெல்லாம் அவங்க ஊட்டுக் கல்யாணத்துக்கு..."

"அவர்கள் மீறினார்கள். ராஜினாமா செய்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். தாங்கள் மீறினால் ஜெயிலுக்குப் போவீர்கள். இரண்டும் வேறு ஐயா."

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. சேலத்துக்கு ஒரு கடிதம் எழுதிச் சிறப்பு உத்தரவு கேட்கலாம் என்றார். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். நான் நிறுத்தியபோது நிறுத்தினார். சாயங்காலம்வரை அந்தக் கடிதத்தைத் திருத்தித் திருத்தி எழுதி, இருட்டுவதற்கு முன் தபால்காரனிடம் கொடுத்தனுப்பினோம். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஐந்தாறு மணி நேரம். இடுப்பில் கேட்டுச் சாவி இருந்தது.

வீட்டுக்குப் போனபோது அவள் கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"ஏனுங்க தலைவரே, ஒரு வாய் தண்ணி எடுத்துக் குடுப்பீங்களா? இல்லாட்டி அதுக்கும் பாஸ் வேணுமுங்களா?"

கொடுத்தேன். பாதி வெளியே வழிந்தது.

"நொம்பச் சுடுதுங்க" என்றாள். காலைச் சொன்னாளா உடம்பைச் சொன்னாளா தெரியாது.

காலையில் முதல் வேலையாக, பட்டியலிலிருந்தே என் பெயர் போகட்டும் என்று காவல் வேலையையும் சேர்த்து ராஜினாமா எழுதினேன். நான் தலைவராக இல்லாவிட்டால் வேறு எவனாவது வருவான், அவன் போடுவான் என்று எண்ணினேன். என் புத்தி அவ்வளவுதான் போயிற்று. வெங்கடாசலம் அதை வாங்கிக்கொண்டு பட்டியலை எடுத்தார். விரலை ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டு வந்து கடைசி வரியில் நிறுத்தினார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆறு. வேலம்மாள், தண்ணீர்க்காரி."

தாம்பாளத்தில் முத்திரையும் சாமான் கணக்கும் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். பாயில் கிடந்தவளுக்கு முன்னால் நின்று பொறுப்பு மாற்றத்தைப் படித்தார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"எலிப்பொறியெல்லாம் எண்ணோணுங்களா?"

"தங்கள் சார்பில் எண்ணிவிட்டேன் அம்மா."

"நல்ல காரியம் பண்ணுனீங்க. இப்ப நான் என்ன பண்ணோணும்?"

"முதலில் முந்தைய தலைவரின் ராஜினாமாவை ஏற்றுக்கொள்ளவேண்டும்."

"இவருதுங்களா? ஏத்துக்கறனுங்க. இவருக்கு இந்த வேலை தோது இல்லீங்க." கட்டை விரலை நீட்டினாள். மையில் தோய்த்து ஒற்றினார்.

நான் விண்ணப்பத்தை எடுத்தேன். வெங்கடாசலம் என் பக்கம் திரும்பாமலே சொன்னார். சொந்தக் காரியம் என்பதோடு, பொறுப்பிலிருக்கும் தலைவர் வேறொருவரிடம் பொறுப்பை ஒப்படைக்காமல் தலைமையிடத்தை விட்டு நகரவே கூடாது. ஒப்படைக்கப் பட்டியலில் ஏழாவது பெயர் இல்லை.

வேலம்மாள் அவர் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"நான் என்ன சொன்னாலும் எழுதுவீங்களா?"

"தங்கள் உத்தரவு."

"அந்தக் கேட்டைத் தொறந்து உட்டுருங்க. எல்லாருக்கும். போறவங்க போகட்டும்."

வெங்கடாசலம் எழுதினார். அழகான எழுத்து. கைநாட்டு வாங்கினார், முத்திரை வைத்தார். போர்டின் சரித்திரத்தில் இப்படி ஓர் உத்தரவு வந்ததில்லை என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, பொது உத்தரவுகள் பதினைந்து நாள் நோட்டீஸ் பலகையில் இருந்த பிறகே அமலுக்கு வரும் என்றார்.

"கடுதாசி அத்தனை நாள் தாங்குமுங்க சாமி," என்றாள். "நான் தாங்க மாட்டேன்."

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. நான் இப்போது காவல்காரனும் இல்லை, தலைவனும் இல்லை. கிளியூருக்கு ஓடினேன். குழந்தைவேல் உடனே எழுந்தான். கம்பையும் கம்பளியையும் எடுத்துக்கொண்டு, தம்பிகள் இரண்டு பேரோடு என் பின்னாலேயே வந்தான்.

தூளியில் அவளை ஏற்றியபோது வெங்கடாசலம் பக்கத்தில் வந்து நின்றார். தடுக்கவில்லை. "தலைவர் தலைமையிடத்தை விட்டுப் போகிறார் என்று நான் பதிவு செய்யவேண்டியிருக்கும் அம்மா" என்று மட்டும் சொன்னார்.

"பண்ணுங்க," என்றாள். "பூட்ஸ் போடாம போறாள்னு எழுதுங்க."

கரட்டு வழி செங்குத்தானது. குழந்தைவேலும் தம்பிகளும் பாறைக்குப் பாறை பார்த்து இறங்கினார்கள். கேட் எங்களுக்கு மேலே ஒரு கம்பாகத் தெரிந்து, பிறகு தெரியாமல் போயிற்று. அதைச் சுற்றி வர அரை நாழிகைகூட ஆகவில்லை. பாதி மலை இறங்கியதும் குப்பனூர் வயல்கள் தெரிந்தன. "வேலம்மா, ஊரு தெரியுது பாரு" என்றேன். அவள் பார்க்கவில்லை. குழந்தைவேல் தூளியை இறக்கி அவள் மூக்கின்கீழ்ப் புறங்கையை வைத்துப் பார்த்தான்.

"நேத்தைக்கு முந்தி நாள் கூப்பிட்டிருக்கலாமுங்க," என்றான்.

திரும்பவும் தூக்கிக்கொண்டு ஏறினோம். வீட்டு வாசலில் தொப்பியோடு ஒரு வெள்ளைக்காரர் நின்றிருந்தார். நான் தலைவனாக இருந்து எழுதிய கடிதத்துக்குப் பதிலாகச் சேலத்திலிருந்து அனுப்பப்பட்ட ஸ்பெஷல் ஆபீசர். சர்க்கார் உத்தரவோடு வருகிறவருக்குப் பத்து நாள் விதி கிடையாதாம். இளவயது. கடிதம் மிகவும் தெளிவாக எழுதப்பட்டிருந்தது என்று என்னைப் பாராட்டினார். தூளியில் இருப்பது யார் என்று தெரிந்ததும் தொப்பியைக் கழற்றினார். பதவியிலிருக்கும்போதே தலைவர் இறந்தால் கொடியை அரைக்கம்பத்தில் இறக்கவேண்டும் என்பது விதி. இறக்கினார்கள். கொட்டகையில் கிடந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

பிறகு வெங்கடாசலம் ஒரு காகிதத்தோடு என்னிடம் வந்தார். அழுதிருந்தார். ஸ்பெஷல் ஆபீசர் பொறுப்பேற்கவேண்டுமானால், பொறுப்பை விடுகிறவர் கையொப்பமிடவேண்டும். அந்த இடம் காலியாக இருந்தால் பொறுப்பு மாறியதாகாது. பொறுப்பு மாறாவிட்டால் இரண்டு வழியிலும் ஒரு பாஸும் கொடுக்க முடியாது.

"ரேகை விழுமா என்று துரை கேட்கிறார்," என்றார்.

"விழுமுங்க," என்றேன்.

நான்தான் விரலைப் பிடித்தேன். வேறு யாரும் அவளைத் தொடுவது எனக்குப் பிடிக்கவில்லை. மை காய்வதற்கு முன் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன்.

பொறுப்பேற்ற ஸ்பெஷல் ஆபீசர் ஒரு மணி நேரம் விதிப் புத்தகத்தைப் படித்தார். படித்துவிட்டு வெளியே வந்து ஒரு தவறு நடந்துவிட்டதாகச் சொன்னார். தலைவரின் ராஜினாமாவை மேலிடம் ஏற்றுக்கொண்டால்தான் அது ராஜினாமா. கர்னலுடையதை மேலிடம் இன்னும் ஏற்கவில்லை. ஆகையால் கர்னல் இத்தனை நாளும் தலைவராகவே இருந்திருக்கிறார். அவர் தலைவராக இருந்ததால் மற்ற யாரும் தலைவராகவில்லை. ஆகாத பதவியை அவர்கள் ராஜினாமா செய்ததும் செல்லாது. மூன்று மணிக்கு அரைக்கம்பத்தில் இறங்கிய கொடி நாலரைக்கு மேலே ஏறியது.

நாங்கள் அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த மூன்றாம் நாள், ராஜினாமா செய்த அதிகாரிகள் எல்லோரும் திரும்பிவந்தார்கள். கூலிகளைக் கூட்டி நிறுத்தினார்கள். கர்னல் துரை பேசினார். "இந்த மலை என்னைத் தவறாக எண்ணியது. நான் இந்த மலையை மன்னித்துவிட்டேன். நான் இல்லாதபோது பொறுப்பு எவ்வளவு கீழே போய்விட்டது என்பதை எல்லோரும் பார்த்தீர்கள். இனி அப்படி நடக்காதபடி நான் ராஜினாமாவே செய்யப்போவதில்லை." கை தட்டினார்கள்.

அன்று மாலை என்னை உள்ளே கூப்பிட்டார்கள். என் ராஜினாமா மட்டும் செல்லும் என்றார்கள். ஐந்து ராஜினாமாக்களில் முறையாக ஏற்றுக்கொள்ளப்பட்டது அது ஒன்றுதான். கைநாட்டு இருக்கிறது.

"வேலம்மா தலைவராவே இல்லைன்னு சொன்னீங்களே, எசமான்."

ஸ்பெஷல் ஆபீசர் பொறுமையாக விளக்க, வெங்கடாசலம் தமிழில் சொன்னார். பதவியில் இல்லாதவர் பதவியில் இருப்பதாக நம்பி நல்லெண்ணத்தோடு செய்த காரியம் செல்லும்.

"கேட்டைத் தொறக்கச் சொன்னதும் நல்லெண்ணந்தானுங்க."

அது கொள்கை முடிவு. தண்ணீர்க்காரிக்குக் கொள்கை முடிவெடுக்க அதிகாரமில்லை. நோட்டீஸ் பலகையிலிருந்து அந்தக் காகிதத்தை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். ஒரே கையின் ஒரே விரல், ஒரே மை. ஒன்று செல்லும், ஒன்று செல்லாது.

வேலையில்லாதவன் போர்டு வீட்டில் இருக்கக்கூடாது. மலையிலும் இருக்கக்கூடாது. இறங்குவதற்குப் பாஸ் வேண்டும் என்றேன். வெங்கடாசலம் எழுதி நீட்டினார். கர்னல் துரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்திட்டார். முத்திரை விழுந்தது. பேனாவை நனைத்ததிலிருந்து என் கைக்கு வந்ததுவரை, மெதுவாக எண்ணினால், நூறுகூட எண்ணியிருக்க முடியாது.

கேட்டில் புதுக் காவல்காரன் இருந்தான். பாஸைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திறந்தான்.

சேலத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. கால் போன வழியில் நடந்து கடைசியில் அந்த ஆஸ்பத்திரி வாசலில்தான் நின்றேன். வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. ஆட்களை இறக்கி உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த வயசான ஆயா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்ன வேண்டும் என்று கேட்டாள். நான் பாஸை எடுத்து நீட்டினேன்.

"இது என்னத்துக்குங்க?"

"மலையிலிருந்து வர்றனுங்க. பாஸு."

"அதெல்லாம் இங்க யாரும் கேக்கறதில்லை கண்ணு. ஆளைக் கொண்டாந்தாச் சேத்துக்குவாங்க." என் பின்னால் எட்டிப் பார்த்தாள். "ஆளு எங்கே?"